துரையின் கழுத்து

இனி நான் தரப்போகும் கதையை எவரும் நம்பப்போவதில்லை. கிண்ணியாவில் நம்பவில்லை. மூதூரில் நம்பவில்லை. திருகோணமலை மீன் சந்தையில் ஒருவர் நம்புகிறவர் போலக் கடைசிவரை கேட்டுவிட்டு, நெருப்புப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். ஆகவே முன்கூட்டியே சத்தியம் செய்கிறேன்: இது நம்பமுடியாத கதை, நம்பும் கடமை உங்களுக்கு இல்லை. கடிதங்களை மட்டும் திகதிப்படி அடுக்கித் தருகிறேன்.

என் பெயர் ஸைனுலாப்தீன். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கப்பல்களுக்கு நிறம் பூசியவன். திருகோணமலைக் கடல் இத்தனை நீலமாக இருப்பதற்கு நான் கழுவி ஊற்றிய தூரிகைதான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. பேசியது நான்தான். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, ஓர் அதிகாரியின் மோட்டார் சைக்கிள் என் கைக்கு வந்தது. அவர் அழுதுகொண்டே கப்பல் ஏறினார். நாட்டைப் பிரிந்ததற்காக அல்ல. அந்த வாகனத்துக்கு நான் வைத்த பெயர் துரை.

என் மகள் நஜ்முன் நிஸா. அவளைக் கட்டியவன் என் தங்கை மகன் மஹ்ரூப். கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறான். நிஸாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. இரண்டு முறையும் மஹ்ரூப் செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை, அவன் கட்டார் போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"ஏழு மாசம் முடியுமட்டும் அவருக்குச் சொல்லப்படாது வாப்பா," என்றாள். "சொன்னா ஓடி வந்துடுவார். வந்து என்னையே பார்த்துக்கொண்டு இருப்பார். அந்தப் பார்வைதான் எனக்குப் பயம்."

என்னிடம் இரகசியம் தருவது பறி கூடையில் தண்ணீர் எடுப்பது போல. ஆனாலும் வாக்குக் கொடுத்தேன். திருகோணமலை ஆஸ்பத்திரி டொக்டரம்மா, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கொண்டுவந்து காட்டச் சொன்னார். இரண்டாவது பிள்ளை பஸ் குலுக்கலில்தான் போனது என்பது நிஸாவின் முடிவு. பஸ்ஸில் ஏறமாட்டாள். கார் பிடிக்கலாம் என்றாள் என் மனைவி றுக்கியா. எங்கள் பக்கத்தில் கார் நிற்பது பெருநாளுக்குப் பெருநாள். மிச்சம் இருந்தவர் துரை மட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் துரை தலையை ஆட்டத் தொடங்கினார்.

*

கிண்ணியா
12.08.1979

அன்பு மருமகன் மஹ்ரூபுக்கு, மாமா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் நிஸாவும் சுகம். உன் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆக் கேட்கிறோம். நிஸா கொஞ்சம் மெலிவு. வெயில்தான்.

விசயம் துரையைப் பற்றியது. நாற்பது மைல் வேகத்தில், மேசையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை போல அலுங்காமல் போகிறார். வேகத்தைக் குறைத்தால், முப்பதுக்கும் இருபதுக்கும் நடுவில், கைபிடி இடமும் வலமும் உதறுகிறது. இருபதுக்குக் கீழே இறங்கியதும் ஒன்றும் நடக்காதவர் போல நிற்கிறார். போன கிழமை உதறியதில் என் மேல்வரிசைப் பல் ஒன்று கீழ்வரிசைக்கு இடம் மாறிவிட்டது. பாதையில் ஏறப்போகும்போதுதான் இந்த ஆட்டம் கூடுதல்.

துறைமுகத்துத் தவராசாவிடம் காட்டினேன். படகு எஞ்சின் பார்க்கிறவர், உனக்குத் தெரியும். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "காக்கா, ஓடேக்க ஆடேல்ல. நிக்கேக்கயும் ஆடேல்ல. நிப்பாட்டப் போகேக்கதான் ஆடுது. அப்ப நிப்பாட்டாமப் போங்கோவன்" என்றார். இப்படிப்பட்ட அறிஞர்களுக்கு நடுவில்தான் உன் மாமன் வாழ்கிறான்.

உன்னுடைய முகாமில் நாகூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், பழைய இங்கிலீசு மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டியவர் என்று எழுதியிருந்தாயே. அவரிடம் என் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டி மருந்து கேட்டு எழுது. கொஞ்சம் அவசரம். ஏன் அவசரம் என்று கேளாதே. எனக்கு வயதாகிறது என்று வைத்துக்கொள்.

மாமியின் ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.
மாமா ஸைனுலாப்தீன்

*

டோஹா
02.09.1979

கண்ணியமிக்க மாமா அவர்களுக்கு, மருமகன் மஹ்ரூப் எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். இங்கே வெயில் எப்படி என்று கேட்டால், பவுசர் கதவைத் துணி சுற்றித்தான் திறக்கிறோம்.

நாகூர்க்காரர் முஹம்மது தம்பி நானாவுக்கு உங்கள் கடிதத்தை வாசித்தேன். பல் இடம் மாறிய இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "பாதையில ஏர்றப்ப மட்டும் ஜாஸ்தின்னா, சந்துலேர்ந்து திரும்புற இடம். முன் டயரு ஒரு மாதிரி தேஞ்சிருக்கும். கையால தடவிப் பாக்கச் சொல்லு மாப்ள. மேடும் பள்ளமுமா இருந்தா அதான் வியாதி." காற்று எத்தனை இருக்கிறது, ரெண்டு கையாலும் பிடித்தால் ஆடுகிறதா, ஒரு கையை விட்டால் ஆடுகிறதா, தனியே போனாலா, பின்னால் ஆள் இருந்தாலா என்று பார்த்து எழுதச் சொன்னார். எல்லாம் பார்க்காமல் ஒரு திருகாணியையும் தொடவேண்டாமாம்.

நிஸாவின் கடிதம் நாலு வரிதான் வருகிறது மாமா. "சுகம், சுகமா, மழை இல்லை, முடிக்கிறேன்." என்னில் கோபமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மாமிக்கு ஸலாம்.
மஹ்ரூப்

*

கிண்ணியா
23.09.1979

அன்பு மருமகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். மாமிக்கு முழங்கால் நோவு. என்னைத் துரத்த ஏலாமல் இருப்பதால் எனக்குச் சுகம்.

நாகூர் வைத்தியர் சொன்னபடி டயரைத் தடவினேன். மேடும் பள்ளமுமா? கண்டி மலைநாடு முழுவதும் என் விரலுக்குக் கீழே ஓடியது. தவராசா எங்கோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து வேறு டயர் போட்டார். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. முன்பு புயல், இப்போது கச்சான் காற்று. ஆனால் போகவில்லை.

கேள்விகளுக்குப் பதில். ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால் ஆடுவதில்லை. இளக்கிப் பிடித்தால் ஆடுகிறது. ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகலாம்தான். ஆனால் தெருவில் எனக்கு ஸலாம் சொல்பவர்கள் பத்தாயிரம் பேர், ஒரு கையைத் தூக்காவிட்டால் ஊர் என்ன நினைக்கும்?

தனியாகப் போனால் ஆட்டம் குறைவு. பின்னால் பாரம் இருந்தால் கூடுதல். பாரம் என்றால் ஒரு மூட்டை. என்ன மூட்டை என்று கேளாதே. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் அதைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், ஓர் அம்மாவிடம் காட்டி, திருப்பிக் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு தரமும் நிறை கொஞ்சம் கூடியிருக்கிறது. அதில் எங்களுக்குச் சந்தோசம்.

நிஸாவுக்குக் கோபம் ஒன்றுமில்லை. எழுதக் குந்தினால் நித்திரை வருகிறதாம். அவளைக் கோபிக்காதே, மகன்.

மாமா

*

டோஹா
14.10.1979

கண்ணியமிக்க மாமா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். மாமியின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்; ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

மூட்டைக் கதையைக் கேட்டதும் நானா தலையில் கைவைத்துவிட்டார். "பின்னாடி பாரம் ஏறினா முன்சில்லு லேசாயிடும் மாப்ள. லேசான சில்லுதான் ஆடும். அந்த மூட்டையை மொதல்ல எறக்கி எறியச் சொல்லு" என்றார். நானும் அதையே சொல்கிறேன் மாமா. என்ன சாமான் அது? பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவரும் வியாபாரத்தை நான் கேள்விப்பட்டதில்லை. பொலிஸ் பிடிக்கிற சாமானாக இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்த வயதில் உங்களுக்கு அது தேவையில்லை. மூட்டையை இறக்கி எறியுங்கள்.

அடுத்தது, கைபிடி வந்து சட்டத்தில் பொருந்தும் இடம், அதைக் கழுத்து என்கிறார். அந்தக் கழுத்துக்கு மேலே உள்ள பெரிய சுரை, நானா நட்டு என்பது, இளகியிருக்கலாமாம். கொஞ்சம், கொஞ்சமாக மட்டும், இறுக்கச் சொல்லுங்கள். அதற்கும் கேட்காவிட்டால், வீட்டு வாசலில் இருந்து திருகோணமலை வரை எங்கே எங்கே ஆடுகிறது என்று ஓர் இடமும் விடாமல் எழுதவேண்டுமாம்.

நிஸாவுக்கு நித்திரை வந்தால் நித்திரை கொள்ளட்டும். நாலு வரி போதும்.
மஹ்ரூப்

*

கிண்ணியா
25.11.1979

அன்பு மருமகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஒன்பது கிழமை எழுதவில்லை. மன்னித்துக்கொள். இப்போது எல்லோரும் சுகம். 'இப்போது' என்று எழுதியதைப் பெரிதாக எடுக்காதே, பேனை வழுக்கிவிட்டது.

உன் கடிதத்தை நான் சத்தமாக வாசித்தேன். "மூட்டையை இறக்கி எறியுங்கள்" என்ற இடம் வந்ததும் உன் பெண்சாதி சிரித்தாள். மூன்று மாதமாகச் சிரிக்காத பிள்ளை. குசினிக்குள் இருந்து மாமி ஓடி வந்து, "என்ன, என்ன நடந்த?" என்று பதறினாள். நிஸா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். ஆகவே அந்த வரிக்கு உனக்கு நன்றி. ஆனால் மூட்டையை இறக்க ஏலாது.

தவராசா கழுத்தை இறுக்கினார். கொஞ்சமாக என்று சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் என்றால் படகு நங்கூரம் பூட்டும் அளவு. "காக்கா, இனி ஆள் தலையாட்ட மாட்டார்" என்றார். உண்மைதான், திரும்பவும் மாட்டார். சீனன்குடாவுக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தது. குறைத்தேன். துரை ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, நான் இரண்டு காலையும் ஊன்றி நிறுத்திவிட்டேன். விழவில்லை. மூட்டை மட்டும் குலுங்கிப்போயிற்று. பதினாறு நாள் அதைக் கட்டிலில் கிடத்தி, கால்மாட்டில் தலையணை வைத்து உயர்த்தி, மாமி பக்கத்திலேயே இருந்தாள். அல்லாஹ் காப்பாற்றினான். மூட்டை அவிழவில்லை.

ஆனால் மூட்டைக்காரி இப்போது ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள், இந்த ஆட்டம் தீருமட்டும் துரையில் ஏற்றவிடமாட்டேன் என்று. திருகோணமலை அம்மா காட்டச் சொன்ன நாள் ஒன்று தப்பிவிட்டது. அதுதான் எனக்குக் கவலை.

நீ கேட்ட கணக்கு: வீட்டிலிருந்து நாற்பதில் வருவேன். பாதைக்குக் கிட்டக் குறைப்பேன். அங்கே பெரிய ஆட்டம். பாதையில் ஏறி நின்று ஒரு பீடி பிடிப்பேன். பாதைக்காரன் ஆதம்பாவாவுடன் ஊர்க்கதை. பீடி முடிய, இறங்கி மறுபடி ஓட்டம். சீனன்குடாச் சந்தியில் குறைப்பேன், சின்ன ஆட்டம். பட்டணத்துக்குள் ஊர்ந்துதான் போகவேண்டும், ஆட்டம் இல்லை.

மாமா

*

டோஹா
16.12.1979

கண்ணியமிக்க மாமா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மூட்டையைக் கட்டிலில் கிடத்துவார்களா மாமா? சரி, கேட்கவில்லை.

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை நானா தன் கையாலேயே வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாப்ள, உங்க மாமா பாதை நடுவுல வண்டிய நிறுத்திட்டு பீடி குடிக்கிறாரே. பின்னாடி பஸ்ஸு வராதா?"

"பஸ் எப்படி நானா பாதையில வரும்? ஆக்கள் இறங்கித்தான் ஏறணும்."

"பாதையில பஸ்ஸு வராதா? பின்ன எதுல வரும்?"

"பாதை சின்னன் நானா. அது போய்ச் சேருமட்டும் சும்மா நிக்கத்தானே வேணும்."

"எது போய்ச் சேரும்?"

"பாதைதான். பாதை நகருமே."

என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தார். "ஆதம்பாவாவும் ஆக்களும் கயித்தால இழுப்பினம்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைக் கூப்பிட்டார்: "இந்தப் புள்ளைக்கு வெயிலு தலைக்கு ஏறிடுச்சு. அவுங்க ஊர்ல ரோட்டைக் கயித்தைக் கட்டி இழுக்கிறாங்களாம்."

அப்போதுதான் மாமா எனக்கு விளங்கியது. நாலு மாதமாக நாங்கள் பாதை பாதை என்று எழுதுவதை அவர் தெரு என்றே நினைத்திருக்கிறார். பலகை மிதவை, ஆக்களையும் வாகனத்தையும் அக்கரைக்குக் கொண்டுபோகிறது, எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர் பாதை என்று படம் கீறிக் காட்டினேன். ஆதம்பாவாவை ரோட்டு ஓவசியர் என்று நினைத்திருந்தாராம்.

படத்தை வெகுநேரம் பார்த்தார். "உப்புத் தண்ணியா?" என்றார். ஓம் என்றேன். "கரைய ஒட்டி நிக்குமா?" தண்ணி வற்றினால் ஒட்டாது, முன்சில்லைத் தண்ணிக்குள் இறக்கி, தூக்கிப் பலகையில் தடாலென்று போட்டுத்தான் ஏற்றவேணும் என்றேன். எழுந்து நின்றுவிட்டார். "இத மொதல் கடுதாசியிலயே சொல்லிருந்தா ஒரு டயரு மிச்சம்" என்றார்.

கழுத்துக்குள்ளே சின்ன இரும்புக் குண்டுகள் வட்டமாக இருக்கும். உப்பு அவற்றைத் தின்றிருக்கும். தடாலென்று விழுந்து விழுந்து அவை இருக்கும் கிண்ணமும் குழி விழுந்திருக்கும். இறுக்கினாலும் பிழை, இளக்கினாலும் பிழை. பார்க்கும் விதம்: முன்சில்லு நிலத்தில் முட்டாமல் தூக்கி நிறுத்தி, கைபிடியை ஒரு விரலால் மெல்லத் திருப்ப வேண்டும். நேராக வரும் இடத்தில் ஒரு குழிக்குள் குந்துவது போலப் பிடித்தால், அதுதான். பார்த்து உடனே எழுதுங்கள்.

மஹ்ரூப்

*

கிண்ணியா
06.01.1980

அன்பு மருமகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம்.

ஒரு விரலால் திருப்பினேன். இடம் போகும்போது வெண்ணெய். வலம் போகும்போது வெண்ணெய். நேராக வந்ததும் 'டிக்' என்று குந்தியது, பழைய அலுமாரி இழுப்பறை போல. தவராசா திருப்பிப் பார்த்தார். நான் மறுபடி திருப்பினேன். அரை மணித்தியாலம் இரண்டு வயதான மனிதர் மாறி மாறி 'டிக்' கேட்டுக்கொண்டிருந்தோம். நாகூராரின் கையை முத்தமிடு.

கழுத்தைப் பிரித்தோம். உள்ளே இருந்து துறைமுகமே வந்தது. சிப்பி, பாசி, ஒரு நண்டுக் குடும்பம், பிரித்தானியக் கடற்படை தொலைத்த ஒரு சிறிய கப்பல். குண்டுகள் புழுத்த மிளகு போல உதிர்ந்தன. பாதியைக் காணவே இல்லை.

திருகோணமலையில் அந்த அளவுக் குண்டும் கிண்ணமும் இல்லை. தவராசா போகாத கடை இல்லை. கந்தளாய் வரைக்கும் ஆள் விட்டார்.

மகன், அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி அந்த மூட்டை திருகோணமலைக்குப் போகவேண்டும். அம்மா திகதி குறித்துத் தந்திருக்கிறார். இதுவரை தப்பிய நாட்கள் போதும் என்கிறார். பஸ்ஸில் ஏற்ற ஏலாது. துரையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உன்னால் ஏதும் ஏலுமா?

மாமா

*

டோஹா
25.01.1980

கண்ணியமிக்க மாமா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

குண்டும் கிண்ணமும் கிடைத்துவிட்டன. முஹம்மது தம்பி நானா இரண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாப்பிடாமல் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து எடுத்தவை. மூதூர் ஹிஸ்புல்லா லீவில் வருகிறார். அவர் உங்கள் கையில் ஒரு பால்மா டின் தருவார். உள்ளே கிரீஸ் துணியில் சுற்றி இருக்கும். மாமி தேத்தண்ணிக்கு எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தைலமும் அதற்குள் இருக்கிறது.

பூட்டும்போது நிறையக் கிரீஸ் வைக்கவேண்டும். சுரையைத் தவராசா அண்ணன் இறுக்கவேண்டாம். நீங்கள் கையாலேயே இறுக்குங்கள். முன்சில்லைத் தூக்கி நிறுத்தி கைபிடியை விட்டால், தன் பாரத்திலேயே மெல்ல ஒரு பக்கம் விழவேண்டும். முன்னும் பின்னும் பிடித்து ஆட்டினால் கட கட என்று சத்தம் வரக்கூடாது. அவ்வளவுதான். இனி பாதையில் ஏற்றும்போது ஆதம்பாவாவை ஒரு பலகை போடச் சொல்லுங்கள்.

மாமா, ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் கடைசிப் பந்தியை நாலு தரம் வாசித்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. நீங்கள் ஒரு பந்தி முழுக்கப் பொய் இல்லாமல் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. யாருக்குச் சுகமில்லை?

மஹ்ரூப்

*

கிண்ணியா
20.02.1980

என் அன்பு மச்சானுக்கு, நிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உண்மையாகவே சுகம். இது நாலு வரிக் கடிதம் இல்லை, இருந்து வாசியுங்கள்.

யாருக்குச் சுகமில்லை என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். வாப்பா அந்தக் கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, "இனி என்னால ஏலாது மகள், எனக்குப் பொய் முடிஞ்சு போச்சு" என்றார். அவர் அப்படிச் சொன்னதை உங்களால் நம்ப முடிகிறதா?

அந்த மூட்டை நான்தான்.

எட்டு மாதம் முடிகிறது. முந்தாநாள் டொக்டரம்மாவிடம் காட்டினோம். காதில் குழாயை வைத்து எனக்கும் கேட்கத் தந்தார். குதிரை ஓடுவது போல இருந்தது. நல்ல நிறை, நல்ல துடிப்பு, பயப்படாதே என்றார். கார்த்திகையில் பயந்தோம். பதினாறு நாள் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அப்போது நீங்கள் பக்கத்தில் கதிரையில் இருந்திருந்தால், உங்கள் முகத்தைப் பார்த்தே நான் நம்பிக்கையை விட்டிருப்பேன். அதுதான் சொல்லவில்லை. கோபிக்கவேண்டாம். கோபம் வந்தால் எழுதித் தீர்த்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து தீர்க்கவேண்டாம்.

குண்டுகள் போன கிழமை வந்தன. வாப்பா கையாலேயே பூட்டினார். தவராசா அண்ணனைச் சுரைக்குக் கிட்ட விடவில்லை. முந்தாநாள் போகும்போது, பாதைக்குக் கிட்ட வாப்பா வேகத்தைக் குறைத்தார். நான் கண்ணை மூடி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தேன், நின்றுகொண்டிருந்தோம். ஆதம்பாவா காக்கா பலகை போட்டார்.

உங்களை ஏழு மாதம் ஏமாற்றிய,
நிஸா

*

டோஹா
05.03.1980

என் நிஸாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மூட்டையை இறக்கி எறியச் சொன்னவன் நான்தானே. இரண்டு முறை எழுதினேன். நீ சிரித்தாய் என்று மாமா எழுதியிருந்தார். அதை மட்டும் நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

கடிதம் கிடைத்த அன்று பெட்டியை எடுத்து உடுப்பு அடுக்கினேன். உன் கடிதத்தில் கதிரை என்ற இடத்தை மறுபடி வாசித்தேன். உடுப்பை வெளியே எடுத்து வைத்தேன். வரவில்லை நிஸா. ஆனியில்தான் லீவு, ஆனியில்தான் வருவேன். வரும்போது வேறு முகம் கொண்டுவர முயற்சி செய்கிறேன். இங்கே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது.

மாமாவிடம் சொல்: மெல்லப் போகச் சொல். ஸலாம் சொல்கிறவர்களுக்குக் கையைத் தூக்கவேண்டாம். தலையாட்டினால் போதும்.

உன்
மஹ்ரூப்

*

திருகோணமலை
23.03.1980

அன்பு மருமகன் மஹ்ரூபுக்கு, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கதிரையில் குந்தியிருந்து மாமா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். தந்தியில் மூன்று சொல்லுக்கு மேல் போட விடவில்லை. மீதியை இதில் வாசி. பெண் பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். ஆறு இறாத்தல் பதினொரு அவுன்ஸ். வலது காதில் நான் பாங்கு சொன்னேன். பாதியில் நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற மாமி மிச்சத்தை நினைவூட்டினாள்.

நடந்ததைக் கேள். இருபதாம் திகதி, சுபஹ் தொழுது வெளிச்சம் வந்ததும் வலி கண்டது. "வாப்பா, துரையை எடுங்க" என்றாள் உன் பெண்சாதி. எடுத்தேன். கிண்ணியாத் தெருவில் நாங்கள் போன வேகத்தில் தென்னை மரங்கள் எல்லாம் மேற்கே சாய்ந்தன, இன்னும் நிமிரவில்லை. ஆதம்பாவா கயிற்றை இழுக்கவே இல்லை. துரை பலகையில் ஏறிய வேகத்தில் பாதை தானாகவே அக்கரைக்குப் போய், கரையையும் தாண்டி, நெல் வயலுக்குள் கொஞ்சத் தூரம் ஓடி நின்றது. சீனன்குடாவில் ஆகாயப்படை விமானம் ஒன்று எழும்பியது. நாங்கள் முந்திக்கொண்டு போனோம். விமானி தொப்பியைக் கழற்றினான். துறைமுகத்தில் நின்ற கப்பல் எல்லாம் சங்கு ஊதின. பன்னிரண்டு மைல் கட்டையை ஆறு நிமிடத்தில் ஓடி, ஆஸ்பத்திரி வாசலில் வேகத்தைக் குறைத்தேன். முப்பது. இருபத்தைந்து. இருபது. துரையின் கழுத்தில் ஓர் அசைவு இல்லை. நாகூராருக்கு என் ஸலாத்தைச் சொல்லு. அவர் ஊரில் ரோட்டைக் கயிறு கட்டி இழுக்க ஆள் தேவைப்பட்டால் ஆதம்பாவாவை அனுப்பிவைக்கிறேன்.

பெயர் உன்னைக் கேட்காமல் வைக்கவில்லை. நீ எழுதும் பெயர் வருமட்டும் நாங்கள் அவளை மூட்டை என்று கூப்பிடுகிறோம். திரும்பிப் பார்க்கிறாள்.

மாமியின் ஸலாம். நிஸா நித்திரை. எழுப்பவில்லை.
மாமா ஸைனுலாப்தீன்

பி.கு. கடிதத்தை மாமி வாசித்துவிட்டு, இந்தப் பிள்ளையின் தகப்பனுக்காவது உண்மையை எழுதுங்கள் என்று பக்கத்தில் நிற்கிறாள். ஆகவே எழுதுகிறேன். தென்னை சாயவில்லை. விமானி தொப்பி கழற்றவில்லை. வாசலில் குறைப்பதற்கு என்னிடம் வேகமே இருக்கவில்லை. அன்று பன்னிரண்டு கட்டையிலும் துரை பத்து மைல் வேகத்தைத் தாண்டவில்லை, நான் விடவில்லை. எங்களுக்குப் பின்னால் அக்கரையில் புறப்பட்ட பஸ்ஸில் மாமி வந்து, எங்களுக்கு அரை மணித்தியாலம் முன்பே இங்கே நின்றாள். நாலாம் கட்டையில் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எங்களை முந்தியது. வண்டிக்காரன் மாட்டைப் பிடித்து நிறுத்தி, "என்ன காக்கா, எண்ணெய் முடிஞ்சுதா? பின்னால கட்டி இழுக்கவா?" என்று கேட்டான். "வேணாம் தம்பி, நீ போ" என்றேன். அந்த மாட்டுவண்டி மட்டும் உண்மை.